முதுகுக்குச் சொந்தக்காரர்

நுவரெலியாவில் நாங்கள் சிலர் அவ்வப்போது கூடிக் கதைப்பதுண்டு. கவிதை வாசிப்போம், கைக்கு வந்த நூல்களைப் பற்றிப் பேசுவோம், குளிருக்கு இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம். அப்படியான ஒரு மாலையில் இளம் கவிஞர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "சேர், நீங்க சித்திரம் படிப்பிச்சவர். ஒரு முஸ்லிம் ஓவியன் நிர்வாண உடலை வரையலாமா, கூடாதா?"

அறை உடனே இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதே சர்ச்சைக்குரியது, அதிலும் ஆடையில்லாத உடல் என்றால் பேச்சே இல்லை என்றார்கள். மறுசாரார், கலைக்கு வேலி போட முடியாது, வேலி போட்டால் அது கலையாக இராது என்றார்கள். இரு தரப்பிலும் படித்தவர்கள் இருந்தார்கள், ஆதாரங்களும் இருந்தன. நான் அன்று எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாமைக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. முதல் தரப்பு பார்ப்பவனின் கண்ணைப் பற்றிப் பேசியது. இரண்டாம் தரப்பு வரைபவனின் கையைப் பற்றிப் பேசியது. வரையப்படும் உடலுக்கு உரியவரைப் பற்றி இரு தரப்பும் வாய் திறக்கவில்லை. மலையகத்தில் இருந்துகொண்டு இந்த விடயத்தைப் பேசும் ஒருவர் அந்த மூன்றாம் ஆளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எனது எண்ணம்.

1

தமிழில் ஆடையின்மைக்கு இரண்டு சொற்களைப் புழங்குகிறோம். ஒன்று அம்மணம், மற்றது நிர்வாணம். குளிக்கும்போது துணி நழுவினால் அது அம்மணம். கலைக்கூடச் சுவரில் மாட்டினால் அது நிர்வாணம். அம்மணத்தில் வெட்கம் இருக்கிறது, நிர்வாணத்தில் ஒரு கௌரவம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் கலை விமர்சனத்திலும் இப்படியான ஒரு பிரிவினை உண்டு. கென்னத் கிளார்க் 1956இல் எழுதிய நூல் அதை அழகியலாக நிறுவியது. 1972இல் ஜோன் பேர்ஜர் அதைத் தலைகீழாகப் புரட்டி, 'நிர்வாணம்' என்பது பார்ப்பவனுக்காகப் பெண்ணுடல் அணிந்துகொள்ளும் இன்னொரு உடைதான் என்று வாதிட்டார். பேர்ஜரின் பக்கமே நான் சாய்பவன். ஆனால் அவரும் ஐரோப்பாவின் எண்ணெய் ஓவியங்களை வைத்தே பேசினார். அந்த ஓவியங்களில் இருக்கும் பெண்ணுக்கு ஓர் அறை இருக்கிறது, அந்த அறைக்குக் கதவு இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். லயத்து அறைகளில் ஒரு குடும்பமே ஓர் அறைக்குள் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. குளியல் என்றால் பீலிக்கரை. பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, பாதையில் போகும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். அந்தக் காட்சியை 'இயற்கை எழில்' என்று தலைப்பிட்டுத் தீட்டிய நீர்வர்ண ஓவியங்களை நான் பார்த்திருக்கிறேன். வரைந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் தனிமை மறுக்கப்பட்ட ஒருத்தியின் இக்கட்டு அவர்களுக்கு எழிலாகத் தெரிந்தது. ஆடையைக் களைவதற்கு முதலில் கதவுள்ள ஓர் அறை வேண்டும். அது இல்லாதவருக்கு நிர்வாணம் இல்லை, அம்மணம் மட்டும்தான் உண்டு.

2

மலையகத்தில் உடலைப் படமாக்கிய வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பொகவந்தலாவையில் உள்ள ஒரு கல்லறையைக் காட்டுவேன். புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரூன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆங்கிலேயப் புகைப்படக்கலையின் பெரும் பெயர்களில் ஒருவர். கவிஞர் டெனிசனும் விஞ்ஞானி டார்வினும் அவரது கெமராவின் முன் அமர்ந்தவர்கள். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் கொஞ்சமே எஞ்சியுள்ளன. 1870களின் பிற்பகுதியில் தாவர ஓவியர் மரியான் நோர்த் களுத்துறையில் அவரது விருந்தாளியாகத் தங்கினார். 1892இல் வெளிவந்த தமது நினைவுக்குறிப்பில் நோர்த் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு மனிதரின் முதுகழகில் கமரூன் சொக்கிப்போனாராம். அந்த மனிதரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகனிடம் அடம்பிடித்து வைத்தும்கொண்டாராம். இத்தனைக்கும் அவர்களிடம் பூந்தோட்டமே இருக்கவில்லை, அந்த மனிதருக்கோ அந்த வேலையின் பெயரே புரியவில்லை.

நோர்த் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். அது வேடிக்கையாகத்தான் நூற்றாண்டுக்கு மேலாக மறுபதிப்பாகி வருகிறது. என்னால் அதில் சிரிக்க முடியவில்லை. ஒரு முதுகுக்காகச் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். கெமராவின் முன் நிற்கும் மாதிரி என்ற தொழில் தனக்குக் கிடைத்திருக்கிறது என்பதுகூட அவருக்குச் சொல்லப்படவில்லை. கமரூனின் கலைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஒளியை அவர் கையாண்டது போலக் கையாண்டவர்கள் மிகச் சிலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் அவர் மடோனாவாக நிறுத்திப் படமெடுத்த வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மேரி ஹில்லியர் என்ற பெயர் வரலாற்றில் உண்டு. இந்த முதுகுக்குப் பெயரில்லை. தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் பெயர் தினமும் செக்ரோலில் ஏறும், பெரட்டுக் களத்தில் கூப்பிடப்படும். படத்தின் கீழ் மட்டும் அது ஏறாது.

3

அன்று நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பதை இப்போது சொல்ல வேண்டும். கமரூனைக் குறை சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை.

படிப்பிக்கத் தொடங்கிய ஆரம்ப காலம். சந்தைப் பக்கம் போகும்போதெல்லாம் மரக்கறி மூட்டை ஏற்றும் ஒருவரைப் பார்ப்பேன். தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் லீக்ஸ், கரட் மூட்டைகளை லொறியில் ஏற்றும் கூலி வேலைக்கு வருவார். குளிரிலும் சட்டை போடமாட்டார், வேர்வையில் சட்டை கெட்டுப்போகும் என்பார். இடது தோளெலும்பின் கீழே பழைய கட்டி ஒன்றை அறுத்த தழும்பு. மூட்டை ஏறும் கணத்தில் அந்த முதுகு எப்படித் திரள்கிறது, இறக்கியதும் எப்படித் தளர்கிறது என்பதை எதிர்க் கடை வாசலில் நின்று கரித்துண்டால் பல நாள் வரைந்தேன். அவற்றில் ஒன்று நன்றாக வந்தது. பாடசாலைக் கண்காட்சியில் என் பங்குக்கு அதை மாட்டினேன்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. இன்னொரு பிள்ளைதான் சொன்னது: "சேர், அது அவட அப்பா முதுகாம். எல்லாரும் அவவ மூட்டை மூட்டைன்னு கூப்பிடுறாங்க." தழும்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று மாலையே அவரைத் தேடிப் போனேன். "அண்ணே, ஒங்களக் கேக்காம வரைஞ்சிட்டேன், மன்னிச்சிக்கங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "முதுகுல என்ன மாஸ்டர் இருக்கு, சந்தையில எல்லாரும் பாக்குறதுதானே," என்றார். பிறகு மெதுவாக, "ஆனா புள்ள படிக்கிற எடத்துல ஏன் மாட்டுனீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுமையான பதில் இல்லை. பிக்ஹின்படி பார்த்தால் ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. முதுகு அதில் சேராது. உருவம் வரைவது பற்றிய கருத்துவேறுபாட்டை ஒதுக்கிவைத்துவிட்டால், நான் மறைக்க வேண்டிய எதையும் வெளிக்காட்டவில்லை. கலையின் சட்டப்படியும் குற்றமில்லை, படம் நல்ல படம். அப்படியிருந்தும் ஒரு பிழை நடந்தது. சந்தையில் அந்த வெற்று முதுகு அவரது உழைப்பின் உடை. அதைச் சட்டகத்துக்குள் போட்டு, அவருடைய மகள் வெள்ளைச் சீருடையோடு வரும் இடத்தில் தொங்கவிட்டபோது அது அம்மணமாகிவிட்டது. சட்டை இல்லாததால் அல்ல, நான் போட்ட சட்டகத்தால். படத்தைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். அந்தப் பிள்ளை சித்திர வகுப்புக்குத் திரும்பி வரவில்லை.

4

இந்த நினைவோடுதான் டேவிட் பெயின்டரின் ஓவியங்களை அணுகுகிறேன். பெயின்டர் என்பது தொழிலைக் குறித்து வந்த பட்டமல்ல, குடும்பப் பெயர். 1900இல் வட இந்தியாவின் அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர், இருவரும் கிறிஸ்தவ ஊழியர்கள். அவர்கள் நுவரெலியாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார்கள். தோட்டத்துத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். இந்த ஒரு தகவலே மலையகத்தில் உடல் பற்றிய அரசியலை நமக்குச் சொல்லிவிடுகிறது. பெண்ணின் உடலைக் கேட்காமல் எடுத்தார்கள், பிறந்த பிள்ளையைக் கேட்காமல் விட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளின் நடுவே வாழ்ந்த குடும்பத்திலிருந்துதான் இலங்கையில் மனித உடலை மிகுந்த பயிற்சியோடு தீட்டிய ஓவியர்களில் ஒருவர் வந்தார்.

லண்டன் ரோயல் அக்கடமியில் பயின்று, இத்தாலி சென்று, 1920களில் நாடு திரும்பிய பெயின்டர், கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் கற்பித்து அதன் தலைமையையும் வகித்தார். 1935இல் அவர் தீட்டிய 'பிற்பகல்' என்ற ஓவியம் இங்கிலாந்தின் பிரைட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் இரண்டு இளைஞர்களின் ஆடையற்ற உடல்கள். அதை நான் அச்சுப் பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். தேர்ச்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்த உடல்கள் ஐரோப்பியக் கற்பனையின் சோலை ஒன்றில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை இல்லை, ஊர் இல்லை, தழும்பும் இல்லை.

கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தில் அவர் 1920களிலும் 30களிலும் தீட்டிய சுவரோவியங்கள் வேறு உலகம். பக்கச் சுவர்கள் இல்லாத, கற்றூண்கள் நிற்கும் கண்டிய பாணி மண்டபம் அது. காற்றும் வெளிச்சமும் உள்ளே வந்து போகும். அங்கே சிலுவைக் காட்சி ஒரு கண்டல் காட்டின் நடுவே நிகழ்கிறது. சிலுவையில் இருப்பவருக்குத் தாடி இல்லை, மேனி எங்கள் மேனியின் நிறம். ஐரோப்பிய இயேசுவுக்குப் பழகியவர்களை அது உறுத்தியது.

ஈஸா நபி அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது எமது நம்பிக்கை. நபிமார்களுக்கு உருவம் தீட்டுவதையும் நாம் ஏற்பதில்லை. அந்த நம்பிக்கையோடேயே நான் அந்தச் சுவரின் முன் நின்றேன். அந்த ஓவியம் சொல்லும் கதையை நான் ஏற்கவில்லை. ஆனால் ஓவியன் ஒரு மானிட உடலை எப்படிப் பார்த்தான் என்பதை அதிலிருந்து படிக்க எனக்குத் தடை ஏதும் தெரியவில்லை. காலனிய ஆட்சியில், பழுப்பு மேனி என்றால் சுமை தூக்குவதற்கு என்றிருந்த நாட்டில், ஏறக்குறைய ஆடையற்ற ஒரு பழுப்பு உடலை அவர் மிக உயர்ந்த இடத்தில் வைத்தார். அதைப் பார்க்கும் கண்ணில் இச்சை எழுவதில்லை, ஏளனமும் எழுவதில்லை. 'பிற்பகல்' ஓவியத்தில் உள்ள உடல் பார்க்கப்படுவதற்காக இருக்கிறது. கண்டிச் சுவரில் உள்ள உடலுக்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஒரே கைதான் இரண்டையும் தீட்டியது. பெயின்டரின் சாதனை கண்டியில்தான் இருக்கிறது என்பது எனது கணிப்பு.

பெயின்டரின் சமகாலத்தவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர். 1943இல் அவரது கொழும்பு வீட்டில்தான் '43 குழு உருவானது. ஆண் உடலை அவரளவு துணிவோடு கறுப்பு வெள்ளையில் பதித்தவர் அக்காலத் தென்னாசியாவில் அரிது. ஈரமான தோளில் ஒளி விழும் விதத்தை அவரிடம்தான் நான் படித்தேன். ஆனாலும் அந்தப் படங்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் உழைக்கும் ஏழைகள், பெரும்பாலோரின் பெயர் எம்மிடம் வந்து சேரவில்லை. கெமராவுக்குப் பின்னால் நின்றவர் பெயரில் கொழும்பில் ஒரு கலையரங்கம் இருக்கிறது. அதே குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற்றின் பெண்ணுருவங்களில் இந்தச் சிக்கல் குறைவு. அவை கோட்டிலும் காவியத்திலும் பிறந்தவை, ஒரு குறிப்பிட்ட பெண்ணை அவை காட்டிக்கொடுப்பதில்லை. கீற்றின் கோடு எனக்குச் சில இடங்களில் அலங்காரமாகத் தெரிந்தாலும், இந்த ஒரு விடயத்தில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். யாரையும் அம்மணமாக்காமல் உடலை வரைய வழியுண்டு என்பதை அவர் காட்டினார்.

5

'இதெல்லாம் மற்றவர்களின் கதை, எமது மரபில் இது இல்லை' என்று அந்த மாலையில் ஒருவர் சொன்னார். அது சரியல்ல. ஜோர்தான் பாலைவனத்தில் குஸைர் அம்ரா என்ற சிறிய மாளிகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் உமையாக்கள் கட்டியது. 1985இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதன் சுவர்களில் குளிக்கும் பெண்களின் உருவங்கள் இருக்கின்றன. ஆனால் இதைக் காட்டி 'பார்த்தீர்களா, எமது மரபிலும் இருக்கிறது' என்று வெற்றி கொண்டாடுபவர்களோடும் என்னால் உடன்பட முடியவில்லை. அது ஒரு இளவரசனின் குளியல் மாளிகை. அந்தச் சுவரில் இருக்கும் பெண்கள் யார், அவர்களை யார் கேட்டது என்ற கேள்வி உமையா மாளிகைக்கும் பொருந்தும். மாளிகைச் சுவரில் இருந்தது என்பதால் ஒன்று எமக்கு முன்மாதிரியாகிவிடாது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த விவாதம் முஸ்லிம் கலைஞர்களைச் சுற்றிப் பலமுறை எழுந்தது. 1954இல் பம்பாயில் அக்பர் பதம்ஸி தமது முதல் தனிக் கண்காட்சியில் காதலர் இருவரின் ஆடையற்ற உருவங்களை வைத்தார். பொலிஸார் அகற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார், கைதானார், வழக்கில் வென்றார். எம்.எஃப். ஹுசைனின் கதை உங்களுக்குத் தெரியும். அவர் 1970களில் வரைந்த சரஸ்வதி கோட்டோவியத்தை 1996இல் ஒரு சஞ்சிகை வெளியிட, வழக்குகளும் தாக்குதல்களும் தொடர்ந்தன. 2006இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008இல் டில்லி உயர்நீதிமன்றம் அவர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தும் திரும்பவில்லை. 2010இல் கட்டார் குடியுரிமை பெற்று, 2011 ஜூனில் லண்டனில் காலமானார். இந்துத்துவவாதிகள் அவரைத் துரத்தியதைப் பற்றி நாம் நிறைய எழுதினோம். 2004இல் அவரது 'மீனாக்ஷி' திரைப்படத்தின் ஒரு பாடலுக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்க, அவர் படத்தையே திரையரங்குகளிலிருந்து மீளப்பெற்றதைப் பற்றி அந்தளவு எழுதவில்லை.

ஹுசைனைத் துரத்தியது அநீதி. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. அதேவேளை, துரத்தப்பட்ட காரணத்தாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. அந்தக் கோட்டோவியம் அவரது சிறந்த படைப்புகளில் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகாதவரை எமது விமர்சனம் கட்சி கட்டுவதாகவே இருக்கும்.

என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் வேறு. 1943 வங்கப் பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளில் மடிந்தவர்களை ஸைனுல் ஆப்தீன் மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். விலா எலும்புகள், வற்றிய மார்புகள், கந்தலுக்கு வெளியே நீண்ட கால்கள். அவர்களையும் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது. அப்படியானால் என் பிழையும் அவர் செய்ததும் ஒன்றா? பல வருடங்கள் இதை யோசித்தேன். ஆப்தீன் அந்த உடல்களைக் கொண்டு அவற்றைப் பட்டினி போட்டவர்கள் மீது குற்றம் சாட்டினார். நான் அந்த முதுகைக் கொண்டு என் கைத்திறனைக் காட்டினேன். உடல் யாருக்காகச் சாட்சி சொல்கிறது என்பதில்தான் வேறுபாடு. நிய்யத் என்று நாம் தினமும் சொல்லும் சொல்லுக்குக் கலையில் இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை.

6

சிற்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருவங்கள் பற்றிய மார்க்க விவாதத்தில் நிழல் விழும் உருவம், நிழல் விழாத உருவம் என்று ஒரு பிரிப்பு உண்டு. முந்தியதே கடுமையாகத் தடுக்கப்படுகிறது. முஹம்மது அப்துஹு 1904இல் வணக்கத்துக்காக அல்லாத உருவங்களை ஆதரித்து ஃபத்வா எழுதினார். 1908இல் கெய்ரோவில் நுண்கலைப் பள்ளி தொடங்கியது. அங்கு பயின்ற மஹ்மூத் முக்தார் எகிப்தின் எழுச்சியைக் கருங்கல்லில் வடித்து 1928இல் கெய்ரோவின் நடுவே நிறுத்தினார். ஆனாலும் அந்தப் பழைய பிரிப்பை நான் எள்ளி நகையாடமாட்டேன். அதில் ஓர் உண்மை இருக்கிறது. நிழல் விழும் உருவம் ஒரு மனிதரைப் போலவே இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதைச் செய்யும் கை, வரையும் கையைப் போலத் தூரத்தில் இல்லை. அது தொடுகிறது.

சென்னை மெரினாவில் 1959 முதல் நிற்கும் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்தபோது இதை உணர்ந்தேன். பாறையைப் புரட்டும் நான்கு பேரின் முதுகுகளும் தோள்களும் வெற்றுடலாகத்தான் இருக்கின்றன. அவை எவருக்கும் அம்மணமாகத் தெரிவதில்லை. அந்த உடல்கள் தம் வேலையில் மூழ்கியிருக்கின்றன, பார்ப்பவருக்காகத் திரும்பவில்லை. அந்த முதுகுகளைப் பார்த்து யாருடைய மகளும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆடையற்ற உடலைத் தொடுவதற்கு எமது சமூகத்துக்கு ஒரு பழைய ஒழுக்கம் உண்டு. என் தந்தையின் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது முதன்முறையாக உள்ளே நின்றேன். தொப்புள் முதல் முழங்கால் வரை துணி போர்த்தியிருந்தது. பெரியவர் ஒருவர் தம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்தத் துணிக்குக் கீழே கழுவினார். தண்ணீர் மிதமான சூடு. பக்கம் திருப்பும்போது உயிருள்ளவரைத் திருப்புவது போலத்தான் திருப்பினார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெரியவர் என்னிடம், "உள்ள கண்டத வெளிய பேசக்கூடாது மகன்" என்றார். கண்ட குறையை மறைப்பது குளிப்பாட்டுபவரின் கடமை.

ஐரோப்பாவின் கலைப் பள்ளிகளில் மாதிரி ஒருவரை நிறுத்தி வரையும் வகுப்புகள் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். ஆடையற்ற மனித உடலின் முன் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெரியவரிடம் கற்றதைவிடச் சிறந்த பாடத்தை அவற்றில் நான் காணவில்லை. அந்த உடல் உன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, அது அமானத். தேவையான அளவு பார், தேவையான அளவு தொடு, கண்டதைக் கொண்டு அவரைச் சிறுமைப்படுத்தாதே.

அந்த ஒழுக்கத்தின் பெறுமதி எமக்கு 2020இல்தான் முழுமையாகப் புரிந்தது. கொவிட் தொற்றில் இறந்தவர்களைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்ற விதியால் எமது ஜனாஸாக்கள் குளிப்பாட்டப்படாமல், கபனிடப்படாமல், எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அந்த விதி மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த நாட்களில், 2020 டிசம்பரில், பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். அதிகாரிகள் அவிழ்த்த பிறகும் கட்டினார்கள். எங்கள் காலத்தில் உடலைப் பற்றிச் செய்யப்பட்ட மிக வலுவான காட்சி அதுவென்றே நினைக்கிறேன். அதில் உடலே இல்லை. அதைப் பார்த்த எவருக்கும் யாருடைய உடல் என்று சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

7

இனி அந்த இளம் கவிஞருக்கு. வரையலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். மார்க்கத்தின் எல்லையை அறிந்தவர்களிடம் கேட்டு உங்கள் மனச்சாட்சியோடு முடிவெடுங்கள். ஆனால் எந்த முடிவு எடுத்தாலும், ஹலால் என்று தெரிந்த ஒரு முதுகை வரைந்தும் ஒருவர் பிழை செய்யலாம் என்பதை என் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று லபுக்கலைப் பாதையோரம் சுற்றுலாப் பயணிகள் வாகனத்தை நிறுத்தி, படங்கு கட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்துக் கையில் சில தாள்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்கள் முழு ஆடையோடுதான் நிற்கிறார்கள். கமரூனின் தோட்டக்காரருக்கும் அவர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே மூன்று காரியங்களை மட்டும் கேட்கிறேன். வரையும் முன் அவரிடம் கேளுங்கள். வரைந்த பின் முதலில் அவரிடம் காட்டுங்கள். எங்கே மாட்டுவது என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கட்டும். இவற்றைச் செய்தால் பல படங்கள் வரையப்படாமலே போகும் என்று கலைச் சுதந்திரக்காரர்கள் சொல்லக்கூடும். போகட்டும். நான் வரைந்த நல்ல படங்களில் ஒன்று ஒரு பிள்ளையின் சித்திரப் படிப்பைத் தின்றது. அந்தக் கணக்கில் எனக்கு இலாபமில்லை.

அந்தப் படம் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் வைத்திருந்தாரோ, அடுப்பில் போட்டாரோ, நான் கேட்கவில்லை. அது அவருடைய முதுகு.